அச்சத்தின் ஒலி ஆறுதலின் படியானது

மேனாட்டு இசையைப் பற்றி எழுதப் புகுந்தால் நம்மவரிற் சிலர், "பண்ணும் இராகமும் நம்மிடத்தே நிறைந்திருக்கப் பிறர் வீட்டு இசை நமக்கு எதற்கு?" என்று வினவுவர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், துயரே வாழ்வாய்க் கிடந்த ஒரு மக்கட்கூட்டம் தன் துயரை எவ்வாறு பாட்டாக மாற்றிக்கொண்டது என்பதை அறிந்துகொள்வதற்கு நாடும் மொழியும் தடையாதல் கூடாது.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பியானோவின் நான்கு கட்டைகளை ஒருங்கே அழுத்தும்போது எழும் ஓர் ஒலி; அவ்வளவே. அந்த ஒலியை அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களிற் பியானோ வாசித்தோர் எவ்வாறு கையாண்டனர் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதனை எழுதுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

ஆசிரியரின் எச்சரிக்கை

நான் மாணவனாயிருந்த காலத்தில் எங்கள் பாடசாலைப் பிரார்த்தனை மண்டபத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. மாரி காலத்தில் அதன் கட்டைகளிற் சில மேலெழ மறுத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாண்டு பயின்ற துணிவில் ஒருநாள், ஞானப்பாட்டொன்றை வாசித்துக்கொண்டிருக்கையில், அச்சிட்ட புத்தகத்தில் இல்லாத ஒரு சுரக்கூட்டை இடையே புகுத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "இது நாடகத்திற் கொலைகாரன் மேடைக்கு வரும்போது வாசிப்பது. ஆலயத்தில் வாசிப்பதன்று" என்றார். நான் நாணித் தலைகுனிந்தேன். அதன்பின் பல ஆண்டுகள் அந்தக் கூட்டை நான் தொடவேயில்லை.

அதனை மேனாட்டார் 'டிமினிஷ்ட் கோட்' என்பர். 'கோட்' என்பது பல சுரங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்யும் சுரக்கூட்டு. நம் இசையிற் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நடந்து இராகத்தின் வடிவைக் காட்டுகின்றன. அவர்கள் இசையிற் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டு, அவ்வடுக்குகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் செலவினாற் பொருள் பிறக்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

நான்கு கட்டைகள்

நமது சங்கீதம் அறிந்தோர்க்கு இந்தக் கூட்டை விளக்குதல் கடினமன்று. ஒரு ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள் உள்ளன. சட்சத்திலிருந்து மும்மூன்று தானங்களாகத் தாண்டிச் செல்லுங்கள். சட்சம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சதுச்ருதி தைவதம் என நான்கு சுரங்கள் கிடைக்கும். மேலும் மூன்று தானம் தாண்டினால் மேற்சட்சத்துக்கே வந்துவிடுவோம். இந்நான்கையும் ஒருங்கே ஒலித்தால் அதுவே நான்கு சுரங்கொண்ட டிமினிஷ்ட் கூட்டு. குறுகிய கூட்டு எனத் தமிழில் நாம் அதனை அழைக்கலாம்.

குறுகியது எது? பஞ்சமம். தம்புராவை மீட்டும்போது சட்சமும் பஞ்சமமும் இரு தூண்களாய் நின்று நம்மைத் தாங்குகின்றன. மேனாட்டுச் சாதாரணக் கூட்டுகளிலும் அடிச்சுரமும் அதன் பஞ்சமமுமே தூண்கள். இந்தக் கூட்டிலோ பஞ்சமம் ஓர் அரைச்சுரம் குறுகிப் பிரதி மத்திமமாகிவிடுகிறது. ஒரு தூண் சரிந்துவிட்டது. கேட்பவனின் செவி, இனி எங்கே சாய்வது என அறியாமல் தவிக்கிறது.

இன்னுமொரு விந்தை உண்டு. இந்நான்கு சுரங்களிடையேயுள்ள தூரங்கள் யாவும் சமம். ஆதலின், கிரகபேதம் செய்து இவற்றுள் எதனைச் சட்சமாகக் கொண்டாலும் அதே அமைப்பே மீண்டும் வரும். வட்டமான அறையொன்றில் நான்கு வாயில்கள் ஒரே மாதிரியாக இருந்தால், உள்ளே நிற்பவனுக்கு எது முன்வாயில் என்று தெரியாதல்லவா? அத்தகையது இக்கூட்டு. இதன் காரணமாகவே 12 சுரத்தானங்களிலிருந்தும் வெவ்வேறான குறுகிய கூட்டுகள் மூன்றே மூன்றுதான் பிறக்கின்றன. ஏனையவை அவற்றின் மறு பெயர்களே.

அரங்கிலே அச்சம்

எனது ஆசிரியர் கூறியது பொய்யன்று. ஐரோப்பிய இசைவாணர் இந்தக் கூட்டின் தவிப்பை அச்சத்துக்கும் கொடுமைக்கும் உரிய குறியாகப் பலகாலம் கையாண்டனர். யொஹான் செபஸ்தியன் பாக், மத்தேயு சுவிசேஷத்தின்படி அமைந்த தமது பாடுகளின் இசைநாடகத்தில், பிலாத்துவின் முன் கூடிய மக்கள் இயேசுவை விடுத்துப் பரபாசையே கேட்டுக் கத்தும் இடத்தில், அந்த ஒரேயொரு சொல்லைக் குறுகிய கூட்டின்மீது வைத்தார். 1821இல் அரங்கேறிய வேபரின் 'டெர் ஃபிரைஷூட்ஸ்' என்னும் இசைநாடகத்திற் சாத்தானின் சார்பாக வரும் சமியேல் தோன்றும்போதெல்லாம் ஒலிப்பதும் இக்கூட்டே. பின்னர், பேசாப் படங்களுக்குப் பியானோ வாசித்தோர், தீயவன் திரையில் நுழையும்போது இதனை நடுங்கும் விரல்களால் வாசித்துச் சிறுவரைப் பயமுறுத்தினர். அவ்வழக்கே என் ஆசிரியரின் காதுவரை வந்திருந்தது.

இத்தகைய ஒலி எவ்வாறு ஆராதனைக்குள் நுழைந்தது? அங்கே அது செய்த தொழில் யாது?

தோமஸ் டோர்சி

கொஸ்பல் எனப்படும் நற்செய்தி இசையின் தந்தையெனப் போற்றப்படுபவர் தோமஸ் ஏ. டோர்சி. அவர் 1899இல் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள வில்லா ரிக்கா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பப்டிஸ்ட் போதகர். தாயார் ஆலயத்தில் ஓர்கன் வாசித்தவர். சிறுவனான டோர்சி அட்லாண்டா நகரத்து அரங்கொன்றிற் குளிர்பானம் விற்றபடி, அங்கே வாசித்த பியானோக்காரரின் கைகளைப் பார்த்தே தொழில் கற்றார். பின்னர் 'ஜோர்ஜியா டொம்' என்ற பெயரில் மா றெய்னி என்னும் புகழ்பெற்ற புளூஸ் பாடகிக்குத் துணை வாசித்தார். ஆலயத்தின் பாட்டும் அரங்கத்தின் பாட்டும் ஒரே மனிதரின் விரல்களிற் சேர்ந்து வளர்ந்தன.

அவருக்கு முன்னரும் வழி திறந்தோர் இருந்தனர். விழிப்புலனற்ற அரிசோனா டிரேன்ஸ் அம்மையார் 1926இற் சிக்காகோவிலே தம் பாடல்களை இசைத்தட்டிற் பதிவு செய்தபோது, நடனக்கூடங்களிலே கேட்ட துள்ளல் இசையின் நடையிலேயே தேவனைத் துதித்தார். எனினும் சிக்காகோவின் பெரிய ஆலயங்கள் இவ்வகை இசையை எளிதில் ஏற்கவில்லை. 'இது உலகத்தாரின் இசை' என்று கதவடைத்தோர் பலர். 1931இல் எபனேசர் பப்டிஸ்ட் ஆலயத்திலே டோர்சியும் தியடோர் ஃபிரையும் ஒரு கொஸ்பல் பாடகர் குழுவை அமைத்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பில்கிரிம் பப்டிஸ்ட் ஆலயத்தில் டோர்சி இசைப் பொறுப்பேற்றார்.

அந்த 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேதான் அவர் வாழ்வில் இடி விழுந்தது. சென் லூயிஸ் நகரத்திற் கூட்டமொன்றிற் பாடச் சென்றிருந்தவருக்குத் தந்தி வந்தது. பிரசவத்தின்போது மனைவி நெற்றி இறந்துவிட்டாள். பிறந்த குழந்தையும் அவளைத் தொடர்ந்து சென்றது. அத்துயரின் நடுவே, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கீதமொன்றின் மெட்டைத் தழுவி அவர் ஆக்கிய பாடலே 'டேக் மை ஹாண்ட், பிரெஷஸ் லோர்ட்'. களைத்துப்போன ஒருவன், தன் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் செல்லும்படி ஆண்டவனை வேண்டுவதே அதன் பொருள்.

வீட்டுக்குச் செல்லும் படி

வீட்டுக்குச் செல்லுதல் என்றேன். மேனாட்டு இசையிலும் ஒரு வீடு உண்டு. நம் ஆதார சுருதியைப் போன்ற அடிச்சுரத்தின்மேல் எழும் கூட்டே அந்த வீடு. பழைய கீதப் புத்தகங்களிற் பாட்டு பெரும்பாலும் மத்திமத்தின் மேலெழும் கூட்டுக்குச் சென்று, அங்கிருந்து நேரே வீட்டுக்குத் திரும்பும். இறுதியில் 'ஆமென்' பாடும்போது நாம் கேட்பது இதுவே. அமைதியான நடை, ஆனால் வழியில் ஒன்றும் நிகழ்வதில்லை.

கொஸ்பல் பியானோக்காரர் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு படி வைத்தனர். சட்சம் முதலிய பெயர்களைக் கொண்டே அதனை விளக்குகிறேன். முதற் கூட்டில் உள்ளவை சுத்த மத்திமம், சதுச்ருதி தைவதம், சட்சம். இடக்கையின் மத்திமத்தை மட்டும் ஓர் அரைச்சுரம் உயர்த்திப் பிரதி மத்திமமாக்குங்கள். கூடவே சாதாரண காந்தாரத்தையும் சேருங்கள். இதோ, அச்சத்தின் கூட்டு பிறந்துவிட்டது. இனி, பிரதி மத்திமம் மேலும் ஓர் அரைச்சுரம் ஏறிப் பஞ்சமத்தில் நிற்கட்டும். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக மலரட்டும். தைவதம் இறங்கிப் பஞ்சமத்தோடு சேரட்டும். நாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். மத்திமம், பிரதி மத்திமம், பஞ்சமம் என இடக்கை மூன்று படி ஏறியது. நடுப்படியே குறுகிய கூட்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இம்மூன்று கூட்டுகளிலும் சட்சம் அசையவேயில்லை. முதலிலும் அது இருந்தது. தூண் சரிந்து செவி தவித்த நடுப்படியிலும் இருந்தது. வீட்டிலும் அதுவே நின்றது. பாடுபவள் சட்சத்தை நீட்டிப் பிடித்து நிற்க, அவள் காலடியில் நிலம் நடுங்கி மீண்டும் உறுதிப்படுகிறது. ஐரோப்பிய அரங்கு இந்தக் கூட்டைக் கேட்டுப் 'பேய் வருகிறது' என்றது. சிக்காகோவின் ஆலயம், 'பயம் வந்ததுதான். ஆனாலும் வீட்டின் சுரம் அதனுள்ளேயே இருக்கிறது' என்றது. சுரங்கள் மாறவில்லை. அவற்றை எதற்கு முன்னும் எதற்குப் பின்னும் வைத்தார்கள் என்பதே மாறியது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பியதன் சாரமும் இதுவே.

இந்நடை கொஸ்பலுக்கு மாத்திரம் உரியதன்று. பழைய றாக்டைம், புளூஸ் வாசிப்போரிடமும் இது வழக்கிலிருந்தது. ஆலயத்தார் அதனை வாங்கி, வேகத்தைத் தணித்து, வேண்டுதலின் சுமையை அதன்மேல் ஏற்றினர்.

ஏனைய தொழில்கள்

மற்ற இரு குறுகிய கூட்டுகளும் சும்மா இருப்பதில்லை. வீட்டுக் கூட்டிலிருந்து சதுச்ருதி ரிஷபத்தின் கூட்டுக்குப் போகுமுன் சுத்த ரிஷபத்தில் ஒன்றை வைப்பர். பஞ்சமத்திலிருந்து சதுச்ருதி தைவதத்துக்குப் போகுமுன் சுத்த தைவதத்தில் மற்றொன்றை வைப்பர். இடக்கை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறும்போது, பாட்டு படிக்கட்டில் ஏறும் வயோதிபரைப்போல ஒவ்வோரடியாக நகர்கிறது. சில வேளைகளில் எங்கும் போகாமலே, சட்சத்தை அடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கூட்டைக் குறுக்கிப் பின் மலர்த்துவதும் உண்டு. பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியை நிரப்ப இஃது உதவும்.

இவ்விசை பெரும்பாலும் ஏட்டைப் பார்த்து வாசிக்கப்படுவதன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பாடகி ஓரடியை நீட்டலாம், திரும்பப் பாடலாம், இடையே சாட்சி சொல்லலாம். போதகர் பிரசங்கத்தின் உச்சத்திற் பேச்சைப் பாட்டாக மாற்றலாம். பியானோக்காரர் அவர்களைப் பின்தொடர வேண்டும். நான்கு வாயில் உள்ள அறையை மேலே கூறினேன். குறுகிய கூட்டின் எந்தச் சுரமும் ஓர் அரைச்சுரம் மேலேறிப் புதியதொரு வீட்டை அடையலாம். ஆகவே எப்பக்கம் திரும்புவது என்று தெரியாத கணத்தில், வாசிப்பவர் அதன் நடுவே நின்று காத்திருப்பார். பாடகி எவ்வாயிலால் வெளியேறுகிறாளோ அவ்வாயிலால் அவரும் வெளியேறுவார். உணர்ச்சி மிகும்போது பாட்டு முழுவதையும் ஓர் அரைச்சுரம் உயர்த்தவேண்டின், சட்சத்தை அடியாகக் கொண்ட இதே கூட்டு அதற்கும் கதவு திறக்கும். 1935இல் விற்பனைக்கு வந்த ஹமண்ட் ஓர்கன் பின்னர் இத்தேவாலயங்களில் இடம்பெற்றபோது, பியானோவில் விரைவில் மங்கும் இக்கூட்டை வேண்டுமளவு நீட்டவும் வழி பிறந்தது.

பயில விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல். இக்கூட்டு கறிக்கு உப்புப் போன்றது. இதனில் தங்குதல் கூடாது, கடந்து செல்லவேண்டும். தாளத்தின் வலிய இடங்களை உறுதியான கூட்டுகளுக்கு விட்டு, இடையிலுள்ள மெலிந்த அட்சரத்தில் இதனை வைத்தல் நன்று. பியானோவின் மிகக் கீழ்ப்பகுதியில் நான்கு சுரங்களையும் நெருக்கி வாசித்தால் இரைச்சலே மிஞ்சும். இடக்கை ஒரு சுரத்தை மட்டும் ஏந்த, வலக்கை ஏனையவற்றை மென்மையாக வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சுரம் அசையாது நிற்கிறது என்பதைக் காது அறிந்திருக்கவேண்டும்.

கைமாறி வந்த கலை

ரொபேட்டா மாட்டின் அம்மையார் எபனேசர் ஆலயத்திலே இளைஞர் குழுவுக்குப் பியானோ வாசிக்கத் தொடங்கித் தமக்கெனத் தனி நடை வகுத்தார். 1931இற் பிறந்த ஜேம்ஸ் கிளீவ்லாண்ட், சிறுவனாக டோர்சியின் ஆலயத்திற் பாடி, மாட்டின் அம்மையாரின் வாசிப்பைக் கேட்டுத் தேர்ந்து, பின்னாளிற் பெரும் புகழ் பெற்றார். மஹலியா ஜக்சனின் குரலை உலகறியும். அக்குரலுக்குப் பல்லாண்டு காலம் பியானோவில் நிலம் அமைத்துக் கொடுத்த மில்ட்ரட் ஃபோல்ஸ் என்னும் பெண்மணியின் பெயரை அறிந்தோர் சிலரே. துணை வாசிப்போரின் விதி எங்கும் அதுதான் போலும்.

1968 ஏப்ரில் 4ஆம் நாள் மாலை, மெம்பிஸ் நகரத்து விடுதியின் மாடத்தில் நின்ற மாட்டின் லூதர் கிங், அன்றிரவு நடக்கவிருந்த கூட்டத்தில் டோர்சியின் அந்தப் பாடலை வாசிக்கும்படி இசைஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். சிறிது நேரத்துள் அவர் சுடப்பட்டார். அவரது இறுதிச் சடங்கில் அப்பாடலை மஹலியா பாடினார். 1972 ஜனவரியில் மஹலியாவும் மறைந்தார்; அவரது இறுதிச் சடங்கில் அரிதா ஃபிராங்ளின் அதனைப் பாடினார். ஒரு வீட்டில் விழுந்த இடியிலிருந்து பிறந்த பாட்டு, ஓர் இனத்தின் இழவுகளிலெல்லாம் கூட நின்றது. டோர்சி 1993 வரை வாழ்ந்து அவை யாவற்றையும் கண்டார்.

என் சொந்தக் காரணம்

பாடசாலையை விட்டுப் பல ஆண்டுகள் சென்றபின், நண்பரொருவர் வீட்டில் மஹலியாவின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டேன். பியானோவின் இடக்கை அரைச்சுரம் ஏறிய கணத்தில், என் மணிக்கட்டை ஆசிரியர் பிடித்தது நினைவுக்கு வந்தது. அன்று நான் அறியாது தொட்ட கூட்டு அதுவே. இசைத்தட்டை மீண்டும் மீண்டும் போட்டுக் கேட்டேன். நண்பர் சலித்துப்போனார். ஆயினும் அதனை நான் கற்றுக்கொண்டது செவியால் மாத்திரமே. கைக்கு வந்தது பின்னொரு நாளில்.

என் அக்கா இறந்தபோது, ஆலயத்திற் பியானோ வாசிக்கும்படி என்னைக் கேட்டனர். மறுக்க மனம் வரவில்லை. அவள் விரும்பிய கீதத்தை அச்சிட்டவாறே வாசித்தேன். முதற் சரணத்திலும் இரண்டாஞ் சரணத்திலும் பாட்டு மத்திமத்திலிருந்து வீட்டுக்கு நேரே, ஒரு தடையுமின்றி வந்து சேர்ந்தது. இழவு வீட்டுக்கு வந்து, 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிட்டுப் போவோரின் பேச்சைப்போல அது என் காதுக்குப் பட்டது. அவர்கள் சொல்வது பொய்யென நான் கூறவில்லை. அதனைச் சொல்வதற்கு முன் அவர்கள் ஒரு கணம் நம்மோடு நின்றிருக்கலாம் என்பதே என் ஏக்கம்.

கடைசிச் சரணத்தில் என் இடக்கை தானாகவே அரைச்சுரம் ஏறியது. ஓர் அட்சர காலமே அது நின்றது. பின் பஞ்சமத்திற் கால் வைத்து வீட்டுக்கு வந்தேன். பாடியோர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் பாடிய சட்சத்துக்கு ஒரு குறையும் நேரவில்லையே!

அடக்கம் முடிந்து வீட்டு விறாந்தையில் இருந்தபோது அத்தான் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவர் இசை கற்றவரல்லர். சாவு நிகழ்ந்த நேரந்தொட்டு அவர் கண்ணில் நீர் வரவில்லை என்று வீட்டார் கவலைப்பட்டுக்கொண்டிருந்தனர்.

"தம்பி, கடைசிப் பாட்டிலை என்னவோ செய்தனீர். அந்த இடத்திலைதான் எனக்கு அழுகை வந்தது" என்றார்.

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தேன்.

என் ஆசிரியர் இன்று இல்லை. அவர் இருந்திருந்தால் மரியாதையுடன் ஒன்று சொல்லியிருப்பேன். "ஐயா, அது கொலைகாரன் வரும் ஒலிதான், தாங்கள் கூறியது உண்மை. சாவும் ஆலயத்துக்குள் வருகிறதல்லவா? அது வந்ததை மறைக்காமற் சொல்லிவிட்டு, அடுத்த படியில் நம்மை வீட்டுக்கு அழைத்துப்போக, சிக்காகோவிற் சிலர் வழி கண்டிருக்கிறார்கள்."